மூன்றரை மைல் கம்பி

கலிஃபோர்னியாவில் சீனோ ஹில்ஸ் என்ற ஊரில் இருக்கும் நண்பர் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் 2011-ல் ஓர் இரும்புத் தூண் எழும்பியது. கிட்டத்தட்ட 200 அடி உயரம். அதற்கு முன்பு அங்கே நின்றது பழைய 220 கிலோவோல்ட் லைனின் டவர், நம்மூரில் பார்க்கிற அதே குறுக்குச் சட்டம் வைத்த டவர்தான். காய்ந்த புல்மேட்டோடு மேடாக அதுவும் நின்றதால் யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. புதிதாக வந்தது வழவழவென்று ஒற்றைக் குழாய், மேலே இரண்டு பக்கமும் கை நீட்டியபடி. ஊரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த நண்பரின் அம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இது என்ன, கொடிமரம் மாதிரி நட்டுருக்காங்க? எந்தக் கோயிலுக்கு?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நண்பர் சிரிக்கவில்லை. கடன் வாங்கி அந்த வீட்டை வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை அவருக்கு.

கோயில் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே ஊரில் 71-ஆம் நெடுஞ்சாலை ஓரம் சுவாமிநாராயண் கோயில் கட்டத் திட்டம் வந்தபோது, 2004 வாக்கில், கோபுரங்களின் உயரம் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. இவ்வளவு உயரம் எங்கள் ஊருக்கு ஆகாது என்று ஊர்க்காரர்கள் நகர்மன்றத்தில் போய்ப் பேசி, உயரத்தைக் குறைத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. ஆகாயத்தை அவ்வளவு கணக்குப் பார்க்கிற ஊர் அது. அந்த ஊரின் நடுவில்தான் 200 அடித் தூண்களை வரிசையாக நட்டுக்கொண்டு போனார்கள்.

நான் அப்போது பக்கத்தில் பொமோனாவில் ஒரு வாடகை அபார்ட்மெண்டில் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மரக் கம்பம், ட்ரான்ஸ்ஃபார்மர், கேபிள் டிவி வயர், டெலிபோன் வயர் எல்லாம் பின்னிப் பிணைந்து தொங்கும். அதைப் பற்றி யாரும் ஒரு மனு போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அதனால் நண்பரின் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டு, வாசலில் பலகை நட்டு, ‘ஹோப் ஃபார் த ஹில்ஸ்’ என்று அமைப்பெல்லாம் ஆரம்பித்தபோது எனக்கு உள்ளுக்குள் கிண்டல்தான். வெளியிலும் கொஞ்சம் கிண்டல் செய்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காற்றாலை ஊர்க்காரனின் திமிர்

என் கிண்டலுக்கு ஒரு காரணம் உண்டு. எனக்குச் சொந்த ஊர் உடுமலைப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்று எங்கள் ஊர்த் தென்னைகளை வளைத்துப் போடும், மேற்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் நிற்கும். கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிதில் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து கிழக்கே போகும் பாதையில் டெஹாசப்பி கணவாயைப் பார்த்தபோது நம்மூரையே தூக்கிக்கொண்டுவந்து வறண்ட மலைமேல் வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. இரண்டு மலைக்கு நடுவே ஒரு சந்து, அதில் காற்று, அந்தக் காற்றை நம்பி ஆயிரக்கணக்கில் விசிறிகள். 1980-களின் தொடக்கத்திலிருந்தே அங்கே காற்றாலை உண்டு. ஆனால் காற்று அடிக்கும் இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் இடத்துக்குக் கம்பி போதவில்லை. 4,500 மெகாவாட் வரை லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்துக்குக் கொண்டுவர சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் நிறுவனம் போட்ட திட்டம்தான் டெஹாசப்பி லைன். கிட்டத்தட்ட 170 மைல், பாலைவனம் தாண்டி, ஏஞ்சலஸ் தேசிய வனத்தைத் தாண்டி, கடைசியில் கலிஃபோர்னியாவிலேயே இருக்கிற ஒன்டாரியோ நகரத்து மிரா லோமா துணைமின் நிலையம். அந்தக் கடைசிப் பகுதியில் ஓர் ஐந்து மைல் சீனோ ஹில்ஸ் வழியாகப் போகிறது.

புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டும் என்று எல்லாரும் கை தூக்கிய காலம் அது. 2020-க்குள் 33 சதவீதம் என்று மாநிலம் 2011-ல் சட்டமே போட்டது. சரி, காற்று வேண்டும், கம்பி மட்டும் வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. அதுவும் நகராட்சி முதலில் சொன்ன மாற்றுவழி என்ன தெரியுமா? பக்கத்தில் இருக்கும் மாநிலப் பூங்காவுக்குள் லைனைத் திருப்பிவிடுங்கள் என்றார்கள். ஓக் மரமும் வால்நட் மரமும் மானும் இருக்கிற காடு. பூங்காவைப் பல வருடம் போராடி உருவாக்கியவர்கள் அதற்குக் கொதித்தெழுந்தார்கள். என் வீட்டுக் கொல்லையில் வேண்டாம், மான் வீட்டுக் கொல்லையில் போடு என்கிறீர்களா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் கையில் இன்ச் டேப். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வீட்டு வேலைக்கு வைத்திருந்த அந்த மஞ்சள் டேப்பையும் ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். லைன் போகும் பட்டையின் அகலம் 150 அடி. நடுவில் தூண் என்று வைத்துக்கொண்டால் பட்டையின் ஓரம் 75 அடியில் வந்துவிடும். தூண் 200 அடி. “விழாதுன்னு சொல்றாங்க, சரி. விழுந்தா எங்க விழும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். காகிதத்தில் அவர் வரைந்த கோடு பட்டையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, குழந்தை தூங்கும் அறையைத் தாண்டி, எதிர்வீட்டுக் கார் ஷெட் வரை போயிற்று. இத்தனை குறுகிய இடத்தில் 500 கிலோவோல்ட் லைனை வீடுகளுக்கு நடுவே கொண்டுபோவது எங்குமே கிடையாது என்பதுதான் நகராட்சியின் முக்கியமான வாதம். லைனிலிருந்து 500 அடிக்குள் ஏறக்குறைய 1,000 வீடுகள் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த 150 அடிப் பட்டை மின் நிறுவனத்துக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த உரிமை. எழுதிக் கொடுத்தபோது அங்கே மாடு மேய்ந்துகொண்டிருந்தது, அப்புறம்தான் வீடு வந்தது. இதை நினைத்தபோது என் கிண்டல் திரும்ப வந்துவிட்டது. கம்பிக்குப் பக்கத்தில் போய் வீடு கட்டிவிட்டு, கம்பி பெரிதாகிறது என்று அழுதால் எப்படி?

நட்ட பிறகு பிடுங்கியது

ஊர் தோற்றுக்கொண்டேதான் இருந்தது. மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் 2009 டிசம்பரில் இதே பாதைக்கு ஒப்புதல் கொடுத்தது. நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது ஆணையத்தின் எல்லைக்குள் வருகிற விஷயம், நாங்கள் தலையிட முடியாது என்று நீதிமன்றம் கையை விரித்தது. 75,000 பேர் இருக்கிற நகராட்சி, வக்கீலுக்கும் பொறியாளருக்கும் பல மில்லியன் டாலர் கொட்டியது. இதற்குள் அஸ்திவாரம் தோண்டி, தூண் நட்டு, ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. கம்பி இழுப்பதுதான் பாக்கி. இனிமேல் என்ன, முடிந்த கதை என்று நான் நினைத்தேன். ஊரில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கதை திரும்பியது விமானப் போக்குவரத்துத் துறையால். உயரமான தூண்களுக்கும் கம்பிகளுக்கும் விமானிகள் கண்ணில் படும்படி விளக்கும் கலர்ப் பந்துகளும் வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. அந்த மாற்றங்களுக்கு அனுமதி கேட்டு நிறுவனமே ஆணையத்திடம் 2011 இலையுதிர் காலத்தில் மனு போட்டது. நகராட்சி அந்தக் கதவிடுக்கில் காலை வைத்தது. தூண் நின்றது போதாது, இனி ராத்திரியில் சிவப்பு விளக்கும் கண்சிமிட்டுமா என்று கேட்டது. நவம்பரில் ஆணையம் சீனோ ஹில்ஸ் பகுதியில் மட்டும் வேலையை நிறுத்தி வைத்தது. வேறு வழி உண்டா, பூமிக்கடியில் கொண்டுபோக முடியுமா, எவ்வளவு ஆகும் என்று நிறுவனத்தையே கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொன்னது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருகிற ஆள் ஆணையத்தின் தலைவர் மைக்கேல் பீவி. ஒரு காலத்தில் அதே எடிசன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். பின்னால், 2014 கடைசியில், மின் நிறுவனங்களோடு திரைமறைவில் பேசியதாக எழுந்த சர்ச்சையின் நடுவே பதவியிலிருந்து போனவரும் அவர்தான். இப்படிப்பட்டவர் ஊருக்கு ஆதரவாக நிற்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே பந்தயம் கட்டியிருப்பேன். வழக்கை விசாரித்த நிர்வாக நீதிபதி எழுதிய வரைவு, செலவைக் காட்டி, புதைக்கத் தேவையில்லை என்றது. பீவி தனியாக ஒரு மாற்று வரைவு எழுதினார். கலிஃபோர்னியச் சட்டத்தில் மின்பாதைக்கு அனுமதி தரும்போது ‘சமூகத்தின் மதிப்புகளையும்’ கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பூங்கா, வரலாறு, அழகு, சுற்றுச்சூழல் இவற்றோடு சேர்த்து எழுதிய வரி. அந்த மாதிரி வரிகளைச் சட்டப் புத்தகத்தில் அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2013 ஜூலை 11 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் பீவியின் வரைவு ஜெயித்தது. மூன்றரை மைல் தூரம் பூமிக்கடியில். செலவு 22 கோடியே 40 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு. மைலுக்குக் கணக்குப் போட்டால் 6 கோடியே 40 லட்சம்.

நட்ட தூண்களைப் பிடுங்கினார்கள். நானே போய்ப் பார்த்தேன், நம்புவதற்காக. 500 கிலோவோல்ட் மின்சாரத்தை ரப்பர் மாதிரியான பாலிஎத்திலீன் உறை போட்ட கேபிளில் அமெரிக்காவில் நிலத்தடியில் கொண்டுபோனது அதுதான் முதல் முறை. மேலே போகும் கம்பிக்கு உறையே கிடையாது, சுற்றி இருக்கிற காற்றுதான் காப்பு, காற்றுதான் குளிர்ச்சி. பூமிக்குள் போனால் இரண்டும் போச்சு. கை மணிக்கட்டைவிடத் தடிமனான கேபிளைக் கான்கிரீட்டுக்குள் புதைத்த குழாய்களில் இழுத்து, இடையிடையே அறை கட்டி ஒட்டுப் போட்டு, இரண்டு முனையிலும் கம்பி இறங்கவும் ஏறவும் தனித்தனி நிலையம் அமைக்க வேண்டும். அதோடு, மாறுமின்சாரத்தைக் கேபிளில் அனுப்பினால் கேபிளே ஒரு பெரிய மின்தேக்கி மாதிரி நடந்துகொண்டு மின்னோட்டத்தைக் குடிக்கும், அதைச் சரிக்கட்டத் தனியாக உபகரணம் வேண்டும். பழுது வந்தால் மேலே போகிற கம்பியை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம், கீழே இருப்பதைத் தோண்டித் தேடச் சில வாரங்கள் ஆகலாம். 2016 கடைசியில்தான் லைனில் கரண்ட் வந்தது.

நண்பர் வீட்டில் அன்றைக்கு விருந்து. நான் போனேன், பிரியாணி சாப்பிட்டேன், வாழ்த்தினேன். வீட்டுக்கு வந்து மின்கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தேன். இந்த மாதிரிப் பெரிய லைன்களின் செலவு மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் பங்கு பிரித்து எல்லார் ரசீதிலும் ஏறும். என் ஜன்னலுக்கு வெளியே வயர் தொங்கிக்கொண்டே இருக்கும், நண்பரின் ஜன்னலுக்கு வெளியே வானம் தெரிய நானும் சில காசு கட்டுவேன். அதே லைன் கிழக்கே பழைய மாட்டுப்பண்ணைச் சமவெளியில் சீனோ வழியாகப் போகும்போது தலைக்கு மேலேதான் போகிறது. மேற்கேயும் அப்படித்தான். நடுவில் இந்த மூன்றரை மைல் மட்டும் பாதாளம். உடம்புக்கு ஆகாது என்று காந்தப்புலத்துக்குப் பயந்தவர்களுக்கும் இதில் முழு நிம்மதி கிடையாது. கான்கிரீட் காந்தப்புலத்தைத் தடுக்காது. கேபிளுக்கு நேர் மேலே நின்றால் அளவு அதிகமாகவே இருக்கலாம், தள்ளிப் போகப் போகத்தான் சட்டென்று குறையும். (உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2002-ல் இதை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்’ என்ற வகையில் வைத்ததோடு சரி.) ஆக, பணம் இருக்கிற ஊர் தன் காட்சியைக் காப்பாற்றிக்கொண்டது, செலவு ஊருக்குப் பொது. இதுதான் என் தீர்ப்பு. கொஞ்ச நாள் அதிலேயே உறுதியாக இருந்தேன்.

ஒரு போன்

2018-ல் ஒரு ராத்திரி அப்பா கூப்பிட்டார். இங்கே ராத்திரி, அங்கே காலை பத்து மணி இருக்கும். வழக்கமாக மழை, தேங்காய் விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு நேராக, “ஏங்கண்ணு, அங்க உன்ற சிநேகிதன் ஊருல டவரப் புடுங்குனாங்கன்னு சொன்னியே, எப்படிப் புடுங்க வெச்சாங்க?” என்றார்.

தோப்பில் கல் நட்டிருந்தார்கள். யாரோ வந்து அளந்து, தென்னை மரங்களில் சிவப்பு பெயிண்டில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்து மூன்று வரை. அப்பா வீட்டில் இல்லாத நேரம் அது, எதிர்த்தோட்டத்துப் பெரியப்பாதான் பார்த்திருக்கிறார். எந்த லைன், யாருடைய கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. உயரழுத்த லைன், தோப்புக்கு நடுவே, ஒரு டவரும் உண்டு. அவ்வளவுதான்.

அப்பாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் பிரச்சனை. நகராட்சி வக்கீல் வைத்தது, பொறியாளரை வைத்து வேறு பாதையை வரைந்து காட்டியது, ஆணையத்தில் மனு போட்டது, சட்டத்தில் ஒரு வரி இருந்தது, எல்லாம் சொல்லலாம். சொல்லிக்கொண்டே வரும்போது ஒவ்வொன்றுக்கும் அப்பா “நம்மளுக்கு அது யாருங்கண்ணு?” என்று கேட்டார். யார் நம் நகராட்சி? மனு வாங்குகிற ஆணையம் எது? நான் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மின்சாரச் சட்டம் 2003-ன் 164-ஆம் பிரிவு வழியாக 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் லைன் போடுகிறவர்களுக்கு வந்துவிடுகிறது. தந்தியே போய்விட்டது, தந்திக் கம்பி போடுவதற்கு வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் மட்டும் தோப்புக்குள் நிற்கிறது. நில உரிமை உங்களுடையதேதான், யாரும் எடுக்கவில்லை, ஆனால் கம்பி போவதை நீங்கள் மறுக்க முடியாது. மறித்தால் 16-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் அனுமதி கொடுப்பார். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். வேண்டாம் என்று சொல்ல ஒரு இடமும் கிடையாது, எவ்வளவு என்று கேட்கத்தான் இடம் உண்டு. மத்திய அரசு 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று அப்போது இருந்தது. 400 கிலோவோல்ட் லைனுக்கு அந்தப் பட்டையின் அகலம் 46 மீட்டர். அடியில் மாற்றிப் பார்த்தேன். கிட்டத்தட்ட 150.

அந்த 150 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. நண்பர் மஞ்சள் டேப்பை மேசைமேல் வைத்தது ஞாபகம் வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் போய் வீடு கட்டிவிட்டு என்று நான் கிண்டல் செய்தேனே, எங்கள் தோப்பில் தாத்தா காலத்தில் கம்பியே கிடையாது. அவர் வைத்த மரங்களில் எண் எழுதியிருந்தது.

அந்த வருடக் கடைசியில் திருப்பூர், ஈரோடு, கோவை, கரூர் பக்கமெல்லாம் விவசாயிகள் உயரழுத்த டவர்களுக்கு எதிராகக் காத்திருப்புப் போராட்டம், உண்ணாவிரதம் என்று உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது ரொம்ப எளிமையானது. ரோட்டோரமாகப் பூமிக்கடியில் கொண்டுபோங்கள். முடியாது, தொழில்நுட்பம் ஒத்துவராது, செலவு ஆகும் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில். அப்போது எல்லாரும் கை நீட்டிக் காட்டியது கேரளத்தை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் வருகிறது. அங்கிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் நேர்மின்சார லைன், 2,000 மெகாவாட், சுமார் 165 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் அது முழுக்கத் தலைக்கு மேலே, தோட்டங்கள் வழியாக. எல்லை தாண்டிப் பாலக்காட்டு மாவட்டத்தில் வடக்கஞ்சேரிக்கு வந்ததும் பூமிக்குள் இறங்குகிறது, திருச்சூர் வரை ஏறக்குறைய 27 கிலோமீட்டர் கேபிளாகப் போகிறது. 2021 பிப்ரவரியில் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். நியாயமாகச் சொன்னால், நேர்மின்சாரக் கேபிளுக்கு மின்னோட்டத்தைக் குடிக்கிற அந்தத் தொல்லை கிடையாது, புதைப்பது சுலபம். 800 கிலோவோல்ட்டைப் புதைப்பது வேறு கதை. பொறியாளர்கள் சொன்னதில் பொய் இல்லாத இடங்களும் உண்டு. ஆனால் அதே லைன், அதே கரண்ட், அதே கணவாய். அங்கே நெருக்கமாக வீடு, இங்கே காடு தோட்டம் என்று விளக்கம் சொன்னார்கள். சீனோ ஹில்ஸிலும் ஏறக்குறைய இதே விளக்கம்தான்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நண்பர் மேல் வர நியாயமில்லை. அவர்கள் ஜெயித்ததை நான் அநியாயம் என்று சொன்னது, எல்லாருக்கும் தலைக்கு மேலே போகும்போது உனக்கு மட்டும் என்ன என்ற கணக்கில். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அப்பாவும் வாயைத் திறக்கக் கூடாது. காற்றாலையைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நான், அந்தக் கரண்டும் ஏதோ ஒரு தோப்பைத் தாண்டித்தான் போயிருக்கும், அந்தத் தோப்புக்காரர் யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அப்பாவிடம் கடைசியில் நான் சொன்னது, “பாக்கலாங்கப்பா, வக்கீல்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்” என்பதுதான். மரங்களை வெட்டி முடித்தார்கள். இழப்பீடு ஒரு பகுதி வந்தது, இழுத்தடித்து. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அடிமரம் ஒன்று மண்ணோடு மண்ணாக இருந்தது, மேல்பட்டை உரிந்த பிறகும் 17 என்ற எண்ணின் பாதி தெரிந்தது. மழை தூறும் ராத்திரிகளில் மேலே கம்பி சரசரவென்று சத்தம் போடும், ரெண்டு மாசத்துல பழகிருச்சு என்றார் அம்மா.

அப்பா வந்தது

போன மாதம் அப்பா இங்கே வந்தார், முதல் தடவையாக. டிஸ்னிலேண்ட் வேண்டாம் என்றார், கடல் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். சாப்பிட்டு முடித்ததும், “அந்த டவர் புடுங்குன எடத்தக் காட்டுங்க தம்பி” என்று நண்பரிடம் அவரே கேட்டார். ஏழு வருடமாக மனசில் வைத்திருந்திருக்கிறார்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனோம். மேடும் பள்ளமுமாக ஒரு பச்சைப் பட்டை, வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஒரு சிறுவன் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனான். கீழே 500 கிலோவோல்ட் ஓடுகிறது என்று சொன்னால் தவிர யாருக்கும் தெரியாது. சிமெண்ட் மூடி ஒன்று மட்டும் ஓரிடத்தில் தரைமட்டத்துக்குத் தெரிந்தது. அப்பா அதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார், ஏன் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை. நண்பர் உற்சாகமாகக் கூட்டம் போட்டது, தூண் வந்தது, பிடுங்கியது எல்லாம் விவரித்துக்கொண்டு வந்தார். செலவையும் சொன்னார். அப்பா ரூபாயில் எவ்வளவு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். களி மண். “தண்ணி நிக்குமாட்ட இருக்குது” என்றார். அப்புறம் பட்டையின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு நண்பரிடம் கேட்டார்.

“ஏனுங் தம்பி, கம்பிதான் கீழ போயிருச்சே. இதுமேல மரம் வெக்கலாமுங்களா?”

நண்பர் என்னைப் பார்த்தார். வேர் ஆழமாகப் போகிற மரம் எதுவும் வைக்கக் கூடாது, கேபிளுக்கு ஆகாது, புல்லும் சின்னச் செடியும்தான் என்று நான் சொன்னேன். அப்பா கையைத் தட்டி மண்ணை உதறினார்.

“அப்ப இங்கயும் தென்ன ஆகாது” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.